ஆயிரம் வாட் என்று எழுதியிருந்த ஜெனரேட்டர்

சனிக்கிழமையை நினைத்தாலே பெத்தணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்தடை. மனைவி ஆவுடைத்தாயோ மூன்று மாதமாக ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடுதான் மூச்சு விடுகிறாள். அவசரத்துக்கு வைத்திருக்கும் சிறு சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் அவர் இருபத்தாறு ஆண்டுகளாக ஃபோர்மேன். அங்கே ஒவ்வோர் அறை வாசலிலும் இத்தனை பேர், இத்தனை கிலோ வெடிமருந்து என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குள் நின்றால் ஆபத்தில்லை என்பதே அவர் கற்ற பாடம். கடையில் பார்த்த ஜெனரேட்டரின் பக்கவாட்டில் இருந்த ‘1000 வாட்’டையும் அப்படித்தான் நம்பினார். ஆக்சிஜன் இயந்திரம் 350, அவளுடைய இன்சுலின் இருக்கும் ஃப்ரிட்ஜ் 150, மின்விசிறி 75, விளக்கு 20. கூட்டினால் 595. தாராளம் என்று வாங்கி வந்துவிட்டார்.

வியாழனன்று ஒத்திகை பார்த்தார். ஃப்ரிட்ஜ் உறுமித் தொடங்கிய கணமே சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றன. ஆக்சிஜன் இயந்திரம் அலறியது. பதறிப்போய்ப் பிளக்கைச் சுவருக்கு மாற்றினார். பிறகு கையேட்டின் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தார். ஆயிரம் என்பது சில நொடிகளுக்கு மட்டும். தொடர்ந்து தருவது 750தான். ஃப்ரிட்ஜோ தொடங்கும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

“எம்புட்டு நேரமா இங்கனயே சுத்துதீக? பாக்கவே தலை கிறங்குது,” என்றாள் ஆவுடைத்தாய், ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தவரிடம்.

“நீ பேசாம மூச்சை விடு, தாயி.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே கடை வாசலில் நின்றார்.

“ஓட்டுன மிஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம் அண்ணாச்சி,” என்றான் விற்பனையாளன் காளிராஜ்.

பெத்தணன் கையோடு கொண்டுவந்த ஃபைலைப் பிரித்தார். பில், உத்தரவாத அட்டை, கையேடு. அவற்றின் அடியில், நான்கு கருவிகளின் பெயரையும் எழுதி ‘எல்லாம் ஓடும்’ என்று காளிராஜே கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு.

“இது யாரு எளுத்து தம்பி?”

“அது... யாவார அவசரத்துல எளுதுனது.”

“உம்ம அவசரத்துக்கு எங்க வீட்டம்மா மூச்சை அடக்கணுமோ?”

காளிராஜ் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். “வேற எடுத்துக்கோங்க. இதுக்கும் ஃபைலைத் தூக்கிட்டு வந்துராதீக!”

இம்முறை பெத்தணன் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணை நம்பவில்லை. மற்ற மூன்றுக்கும் 445, ஃப்ரிட்ஜ் தொடங்க 900, ஆக 1345. தொடர்ந்து 1600 தரும் இயந்திரத்தைக் கேட்டு, கடை ஃப்ரிட்ஜை அதில் இணைத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே எடுத்துவந்தார்.

சனியன்று புகை ஜன்னலுக்கு எட்டாத தொலைவில், முற்றத்தின் கோடியில் அதை வைத்தார். முதலில் ஃப்ரிட்ஜ், அது நிதானப்பட்டதும் ஆக்சிஜன். நண்பகலில் அணைத்து, சூடு ஆறும்வரை சிலிண்டரை மாற்றிவைத்து, பெட்ரோல் ஊற்றினார். ஃப்ரிட்ஜ் உறுமும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தார்.

ஐந்து மணியாகியும் மின்சாரம் வரவில்லை. பெட்ரோல் கால் தொட்டிதான். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

“ஊசி மருந்து கெட்டுறாதா?”

“கதவைத் தொறக்காம இருந்தா தாங்கும். உனக்குத்தான் தாங்காது.”

ஐந்தே முக்காலுக்குத் தெருவிளக்கு எரிந்தது. அவர் உடனே பிளக்கைச் சுவருக்கு மாற்றவில்லை. அது அணையாமல் எரிகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் வாசலிலேயே நின்றார்.