கடைசி சுரத்தில் இல்லாத விரல்

அரங்கின் கதவைச் சத்தமில்லாமல் திறந்து மூடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பெரியம்மாவின் வேலை. மேடை அங்கிருந்து பத்தடி. கச்சேரி முடிந்ததும் ஆளாளுக்கு அளக்கும் மேதாவித்தனத்தைக் கேட்டு வயிறெரிவது உபரி வேலை.

அன்று, காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலினான செல்லோவில் ஒரு மேதை, வாத்தியக் குழுவோடு கன்சர்ட்டோ வாசித்து முடித்தார். வெளியே வந்த கோட்டுக்காரர், தந்தியில் அழுத்திச் சுரத்தை அசைப்பதுபோல் இடது கை விரல்களை ஆட்டிக் காட்டி மனைவியிடம், "கடைசி சுரத்துல அந்த விரல் நடுக்கம் இருக்கே, ரொம்ப ஓவர்" என்றார்.

பெரியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணு பொடனியிலயா சார் இருந்துச்சு? கடைசி சுரத்துக்கு அவர் தந்தியில விரலே வைக்கல, வெறும் தந்திதான். வலது கை வில்லை இழுத்துச்சு, இடது கை வேர்வையைத் துடைச்சுச்சு!"

கோட்டுக்காரர் அசரவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "அதான் சொல்றேன், அங்க நடுக்கமே பத்தல" என்றார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, பெரியம்மா கதவைப் படாரென்று அறைந்து சாத்தினாள்.