பொங்கல் சாட்டியபோது நாங்கள் ஊரில் இல்லை

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, வியட்நாமில் ஒரு சந்தைக்குள் என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன். கூட்டத்தில் அவராகத்தான் பிரிந்து போனார் என்று பிறகு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்குத் தெரியும், நான்தான் தொலைத்தேன். தக்காளி மாதிரி ஏதோ ஒரு பழத்தை ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

அம்மனை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாக நினைக்கிறேன். விளக்குப் பூஜைக்கு வரும்போதெல்லாம் வாய்வரை வரும். அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதிவிட்டேன்.

எங்களுக்குக் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், நாங்கள் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். அங்கேதான் எங்கள் காளியம்மன் இருக்கிறாள். பங்குனியில் அவளுக்குப் பொங்கல். எட்டு நாளைக்கு முன்னால் மேளம் அடித்து, இன்ன நாளில் பொங்கல் என்று ஊருக்குச் சாட்டுவார்கள். சாட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியில் இரவு தங்கக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இதைத் தப்பவிட்டதில்லை. அந்த எட்டு நாளும் ஊர் வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர் பகலில் ஆபீசுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்.

இந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். பெங்களூரில் இருக்கிற மகள் சுபா, எங்களைக் கேட்காமலே வியட்நாமுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். பொங்கல் தேதியை விசாரித்து, நாங்கள் திரும்பி வந்து மூன்று நாள் கழித்துத்தான் சாட்டு என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினோம். போன இடத்தில் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. அவர் படகில் ஏறினார். தலையில் பனையோலைத் தொப்பி வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். அறுபதை நெருங்குகிற மனுஷன் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணினார். பரீட்சை தொடங்குவதற்குள் பிள்ளைகள் வந்துபோகத் தோதாகப் பொங்கலை ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டார்களாம். அன்றைக்குக் காலையிலேயே சாட்டியாகிவிட்டதாம்.

"ஏலே தங்கராசு, நீங்க எப்படிலே வருவிய? கடலுக்கு அந்தப் பக்கம்லா இருக்கிய!" என்று அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "நம்ம வீட்டுல இதுவரைக்கும் இப்படி ஆனதில்லலே."

போனை வைத்துவிட்டு இவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனாலும் தைரியம் சொன்னேன். "நாம வேணும்னா செஞ்சோம்? வியாழக்கிழமைதான் ஊருக்குப் போயிருவோமே, பொங்கலுக்கு இருப்போம்லா" என்றேன். தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஓட்டலில் ஒரு டீ. மத்தியானம் கேட்டால், "வேண்டாம்ட்டி, வயிறு மந்தமா இருக்கு" என்பார். சாயங்காலம் நான் ஊரிலிருந்து கொண்டுபோன ரைஸ் குக்கரில் வைத்த சோற்றில் ரெண்டு வாய், அவ்வளவுதான். அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர் இருக்கிறது. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஊருக்குக் கிளம்ப ஒருநாள்தான் இருந்தது. சுபாவுக்கும் பேத்திக்கும் ஏதாவது வாங்க வேண்டும். இவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வாறதுக்கு, நீங்க வராமலே இருந்திருக்கலாம்." அவரைத் தொலைப்பதற்கு முன்னால் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

சந்தையில் அவரைக் காணோம் என்றதும் முதலில் கோபம்தான் வந்தது. பத்து நிமிடம் கழித்துப் பயம் வந்தது. அவருடைய போன் அறையில் சார்ஜில் கிடந்தது. அந்த ஊர் சிம் அதில்தான் இருந்தது. என் போனில் ஓட்டலுக்குள் வைஃபையில் மட்டும்தான் பேச முடியும். மீன் விற்கிற பெண்களிடம் தமிழில் கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் கேட்டேன். போட்டோவைக் காட்டினேன். எல்லோரும் பாவப்பட்டுத் தலையாட்டினார்களே தவிர ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கூப்பிட்டுத் தேடலாம் என்றால் எப்படிக் கூப்பிட? முப்பது வருஷத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க, ஏங்க" என்று இரண்டு தெரு கத்திக்கொண்டே போனேன். மூன்றாவது தெருவில் "தங்கராசு!" என்று கத்திவிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கரிசல் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே கண் இருட்டியது. தொலைந்த இடத்துக்கே அவர் திரும்பி வருவார் என்று நினைத்து, மறுபடி மறுபடி அந்தப் பழக்கடைக்கே வந்து நின்றேன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் மாத்திரை போட்ட மனுஷன். ஆற்றங்கரை ஊர். அவருக்கு நீச்சலும் தெரியாது.

ஒரு சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மனை நினைத்தேன். பக்தியோடு நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டைக்குத்தான் போனேன். நாங்களா நாளை மாற்றினோம், நீதானே முன்னால் தள்ளிக்கொண்டாய், அதற்கு இவரையா கேட்பாய் என்று வாய்விட்டே திட்டினேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். திட்டித் தீர்ந்ததும் என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தாயே, தப்பு இருந்தா என் தலையில போடு. நீ அங்கன இருக்க, நான் இங்கன கெடக்கேன். உனக்குக் கேக்குமோ கேக்காதோ தெரியல. அவியள மட்டும் எனக்குக் குடுத்துரு. உயிரோட குடுத்துரு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. ஒரு ஸ்லோகம்கூட ஞாபகம் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அழுகை தானாக நின்றது. இங்கே உட்காராதே, ஓட்டலுக்குப் போ என்று மனசுக்குள் தெளிவாகத் தோன்றியது. சத்தமெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதுவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்த கால், தானாக எழுந்து நடந்தது.

ஓட்டல் வாசலில் கால் வைத்தபோது, வரவேற்பு மேஜையில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். தன் செல்போனில் வேகமாக ஏதோ அடித்து என் முன்னால் நீட்டினாள். அது பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரித் தமிழில் பேசியது. "உங்கள் கணவர் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் நலமாக இல்லை. தயவுசெய்து வாருங்கள்." அந்த மூன்று வாக்கியத்தையும் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணே தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே என் வீட்டுக்காரர் வெள்ளைத் துணிமேல் கிடந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்து, செத்துப்போன அவருடைய அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சாட்டியாச்சுக்கா, பொழுது சாயுது, வீட்டுக்குப் போவோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊசி போடச் சட்டைக் கையைச் சுருட்டினார்கள். புஜத்தில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. நான் சமையலுக்குக் கொண்டுபோன மஞ்சள் பொடியைக் கரைத்து, பொத்தான் தைக்கிற நூலை அதில் முக்கித் தானாகவே காப்புக் கட்டியிருக்கிறார், என் மனுஷன். வயிற்று மந்தமும் இல்லை ஒன்றும் இல்லை. ஊரில் இல்லாத தப்புக்கு ஈடாக மூன்று நாள் விரதம். என்னிடம் சொன்னால் சாப்பிடச் சொல்லிச் சண்டை போடுவேன் என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். சாப்பாட்டை நிறுத்தினவர் மாத்திரையை நிறுத்தவில்லை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதில் புத்தி கலங்கித்தான் சந்தையை விட்டு விலகி நடந்திருக்கிறார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் சொன்னதை, அதே செல்போன் எனக்கு மொழிபெயர்த்தது.

அந்த அரை மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தது கரும்புச்சாறு விற்கிற ஒரு அம்மா. ஆற்றுப் படியில் வேர்த்து ஊற்றி உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். இந்த அம்மாவின் தம்பிக்கும் சுகராம். அந்த வேர்வையும் நடுக்கமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு புகட்டியிருக்கிறாள். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சட்டைப் பையில் இருந்த ஓட்டல் அட்டையைப் பார்த்துப் போன் பண்ணச் சொன்னவளும் அவள்தான். வழக்கமாக அவள் வண்டி போடுகிற இடம் அது இல்லையாம். தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று அன்றைக்கு ஒருநாள் அந்தப் படிக்கட்டுப் பக்கம் வந்தாளாம். இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளை அனுப்பினது யார் என்று தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் என்னென்னவோ சொன்னேன். அவள் அவளுடைய பாஷையில் ஏதோ சொல்லி என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. சனிக்கிழமைதான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில், நாங்கள் ஏதோ ஒரு விமான நிலையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டாட்டி" என்றார். நான் ரொட்டியைப் பிய்த்து அவர் வாயில் வைத்தேன். வேறு என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பிலையெல்லாம் காய்ந்து கீழே கிடந்தது. அவருடைய அண்ணன் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாள் தப்பிப் பொங்கல் வைக்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். "வைங்கம்மா, அவ எப்பவும் இங்கனதான இருக்கா" என்றார்.

பானை பொங்கி முடியும்போது மணி ஒன்றே கால். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் விரல் லேசாக ஆட ஆரம்பித்ததைப் பார்த்தேன். அம்மனுக்குப் படைக்காமல் ஒரு பருக்கையை வாயில் வைக்க மாட்டோம், உங்களுக்கே தெரியும். பூசாரி மாலைகளைக் களைந்துகொண்டிருந்தார், இன்னும் நேரமாகும். நான் ஒரு கரண்டி பொங்கலை எடுத்து இலையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"என்னட்டி இது, சாமிக்கு வைக்காம?" என்று பதறினார்.

"அவ பொறுத்துக்குவா. நீங்க சாப்பிடுங்க."

சுற்றி நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டார். அப்போதுதான் அவருடைய அண்ணன் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனுஷன் தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு இலையைத் தன் முன்னால் இழுத்துப் போட்டார்.

"எனக்கும் ஒரு வாய் வையும்மா" என்றார் மெதுவாக. "நானும் காலையில சுகர் மாத்திரை மட்டுந்தான் போட்டுருக்கேன். நீங்க வந்து பொங்க வைக்கிற வரைக்கும்னு, சாட்டுன நாள்ல இருந்து இப்படித்தான். ரெண்டு தடவ கிறுகிறுத்து விழுந்துட்டேன், வீட்டுல சொல்லல."

என் வீட்டுக்காரர் முழுசாகத் தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆபீசில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர்களின் பெயரே சில நாள் அவருக்கு மறந்துபோகிறது. வாசலில் நின்று யோசிப்பார், பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் இருக்கிறார். மூன்று வேளையும் என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார். முன்பெல்லாம் அம்மன் சன்னதியில் நிற்கும்போது என்ன குற்றம் செய்தோமோ என்றுதான் முதலில் தோன்றும். இப்போது அந்தப் பயம் எனக்கு இல்லை. பெற்றவளிடம் பேசுவதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சில நாள் திட்டியும் விடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வயிறு மந்தம் என்று சொல்கிறவர் இருப்பார். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நீங்களே அப்படி இருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். நம் பட்டினியைக் கேட்கிறவள் இல்லை அவள். அவளை நம்பிச் சாப்பிடுங்கள்.