அஞ்சடியில் நடக்க வழியில்லை

அஞ்சடியைக் காலி பண்ணச் சொல்லும் பியூன் உத்தியோகத்தில் சம்பளம் மாசத்துக்கு ஒரு தரம்தான். வசவு தினமும் கிடைக்கும். கடை வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே, மாடிக்குக் கீழே, வெயில் மழை படாமல் சனங்கள் நடக்க விட்ட இடம்தான் அஞ்சடி. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அதில் மனுஷனைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஊரார் வாயில் விழுகிற சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

உள்ளே, வெளியே

எனக்கு வாய்த்த தலைவலி மளிகைக் கடை வைரவன் முதலாளி. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், கருவாட்டுக் கூடை எல்லாவற்றையும் கதவிலிருந்து தூண் வரைக்கும் அடுக்கியிருப்பார். நடக்கிறவர்கள் சாக்கடையைத் தாண்டி ரோட்டில் இறங்கணும். ரோட்டிலோ மாட்டுவண்டி, ரிக்‌ஷா, இப்போது லோரி வேறே. தயிர்க்காரி அஞ்சலை ஒரு நாள் என்னை மறித்துக்கொண்டாள். "பியூன் அண்ணே, தலையில பானைய வச்சிக்கிட்டு எத்தன வாட்டி இந்தச் சாக்கடையத் தாண்டுறது? ஒரு ஆளு போற வழி விடச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

நியாயம்தானே? போய்ச் சத்தம் போட்டேன். மூட்டையெல்லாம் மளமளவென்று உள்ளே போயின. தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்க்கிறேன், பழையபடி எல்லாம் வெளியே! ஓடி வந்து கேட்டால், மனுஷன் கோபப்படவே இல்லை. வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "நீ வந்தா உள்ள வைக்கிறோம் தம்பி, நீ போனா வெளிய வைக்கிறோம். உனக்கும் உத்தியோகம் இருக்கும், எனக்கும் வியாபாரம் நடக்கும்லா."

கடலைத் தட்டு

எங்கள் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். முதலாளிமேல் கேஸ் எழுதச் சொல்லி அவரிடம் மன்றாடினேன். "அவர் கோயில் திருவிழா உபயகாரர் காணும், அவரிலை கை வைக்கேலாது. ஆனால் துரை கேஸ் கேட்கிறார். ஆரையாவது பிடியும்" என்றார்.

ஆரையாவது என்றால் யார்? அந்தத் தூணோரம் குந்திக் கடலை விற்கும் சடையன்தான். இரண்டு பியூன்களோடு என்னையும் அனுப்பி அவர் தட்டைத் தூக்க வைத்தார்கள். சடையன் சண்டை போடவில்லை. மடியில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து நின்று கேட்டார்: "நான் எந்திரிச்சிட்டேன் ஐயா. இப்ப இந்த மூட்டையத் தாண்டி எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க."

முதலாளியின் சாட்சி

அன்றைக்கு நல்ல மழை. மூட்டைகளைச் சுற்றிப் போக அஞ்சலை ரோட்டில் இறங்கியிருக்கிறாள், பின்னால் லோரி. நான் போய்ச் சேர்ந்தபோது தயிரும் ரத்தமும் மழைத்தண்ணியோடு சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் புருஷன் பொன்னன், தண்டவாளம் போடுகிற கூலி. வேலையிடத்திலிருந்து ஓடி வந்தவன் உடைந்த பானையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. ஐயோ, அந்தக் கோலத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

விசாரணையில் மூட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று உட்கார வைத்துவிட்டார்கள். லோரிக்காரன் மழையில் கண் தெரியவில்லை என்றான். அடுத்து வைரவன் முதலாளி சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "சனங்க நடக்கத்தானே அஞ்சடி இருக்கு? அதை விட்டுட்டு ரோட்டுல இவளுக்கு என்ன வேலை?"

தண்ணீர்ப் பந்தல்

கருமாதி முடிந்ததும் முதலாளிக்குத் தர்ம சிந்தை பொங்கிவிட்டது. அஞ்சலையின் ஆத்மா சாந்தியடையத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறாராம். எங்கே வைத்தார் என்கிறீர்கள்? அந்த அஞ்சடியிலேயேதான்! மூட்டைக்கும் தூணுக்கும் நடுவே பூனை போகிற சந்து ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் ஒரு பெரிய மண்பானையால் அடைத்துவிட்டார். பெரிய கிராணி வந்து முதல் குவளை குடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பானையைத் தூக்கப் போனேன். "தர்மத்துல கை வைக்காதேய்யா, உன் குடும்பம் விளங்காது!" என்று கூட்டம் மறித்துக்கொண்டது. அந்த நேரத்தில் பொன்னன் வந்தான். எல்லோரும் ஒதுங்கினார்கள். முதலாளி தன் கையாலேயே ஒரு குவளை மொண்டு அவனிடம் நீட்டினார். பொன்னன் வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "அவ தண்ணியா கேட்டா மொதலாளி? வழிதானே கேட்டா."

பானை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறவர்கள் ரோட்டில் நின்றுதான் குடிக்கிறார்கள், அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லி அதட்டுவதும் இப்போது என் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது.