மேஸ்திரி பரந்தாமனின் தவுலத்து

உருது பேசுபவர்களுக்கு தவுலத்து என்றால் செல்வம். ஆம்பூர்த் தோல் கம்பெனிகளில் கூலி வேலை செய்பவர்களுக்கு அது இல்லாத உயரத்தை நடையில் காட்டுவது. டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொடக்குப் போட்டுக் கூப்பிடுகிறவனைப் பார்த்து, "இன்னா தவுலத்து பாரு" என்பார்கள். 1979இல் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் உருவமே கிடைத்தது. மேஸ்திரி பரந்தாமன்.

கணியம்பாடியில் அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். நிமிர்ந்து பார்த்ததற்காக அடி வாங்கியவர். மகன் அதிலிருந்து கற்றுக்கொண்டது, தன் எதிரில் நாலு பேர் குனிய வேண்டும் என்பதை மட்டும்தான். கணக்குப்பிள்ளை சிபாரிசில் மேஸ்திரியானான். டெரிலின் சட்டை, கூலிங் கிளாஸ், கைக்குட்டையில் அத்தர். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்பான். 'சார்' என்றால்தான் அவனுக்குக் காது கேட்கும்.

குழியில் இறங்கியவர்களில் தேவசகாயம் ஒருவன். ஆறு வருஷ தினக்கூலி. அந்த மாதம்தான் அவன் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏற இருந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்களைக் காட்டி ஒருமுறை கிளவுஸ் கேட்டான்.

"தோல் கழுவறவனுக்கு இன்னாத்துக்குடா மாப்ள வேஷம்?" என்றான் பரந்தாமன்.

கழுவிய தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். தடம் நின்றால் சுண்ணாம்பு போய்விட்டது. எழும்பினால் இன்னும் தண்ணீரில் ஊற வேண்டும். அன்று தடம் நிற்கவில்லை.

"சார், இன்னும் ஒரு மணி நேரம் ஊறட்டும். நீங்களே தொட்டுப் பாருங்க" என்றான் தேவசகாயம்.

"தொட்டாத்தான் தெரியும்னா நான் எதுக்கு மேஸ்திரி? கண்ணாலியே தெரியுது. பட்டைத் தண்ணியில போடு."

தோலைப் பதனிடும் அந்த மரப்பட்டைச் சாற்றில் போட்டார்கள். நாலாம் நாள், சுண்ணாம்பு போகாத முந்நூறு தோலும் கறுத்துப் பலகையாக விறைத்துக் கிடந்தன. முதலாளி வந்ததும் பரந்தாமன் கூசாமல் சொன்னான்: "நான் தொட்டுப் பாத்து வேணான்னேன் முதலாளி. இவன்தான் அவசரப்பட்டுட்டான். இவனை நிறுத்திடலாம்."

இந்த ஒரு பொய் தன் ஆறு வருஷத்தையும் விழுங்கப் போகிறது என்று தேவசகாயத்துக்குப் புரிந்தது.

"அவரு தொடவே இல்ல முதலாளி."

முப்பது வருஷமாகத் தோலோடு புழங்கியவர் முதலாளி. அடுத்த குழித் தோல் ஒன்றை எடுத்துப் பலகைமேல் விரித்தார். "பதம் பாத்துச் சொல்லு" என்றார் பரந்தாமனிடம்.

கடிகாரத்தைக் கழற்றினான். சட்டைக் கையை நாலு மடிப்பு மடித்தான். சொதசொதவென்று கிடந்த தோலைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"கிளவுஸ் இருந்தா..."

"கிளவுஸ் போட்டுக்கினு எவன்டா பதம் பாக்கறான்?" முதலாளியின் குரல் உயரவில்லை. "நாளையிலிருந்து நீயும் குழியில எறங்கு. தேவசகாயம், உன் பேரு லிஸ்டுல இருக்கும். போ."

தேவசகாயம் நகரவில்லை.

"கிளவுஸ் முதலாளி. குழியில பதினோரு பேரு இருக்கோம். மேஸ்திரியும் எறங்கறாரு இல்ல, பன்னண்டு ஜோடியா வாங்கிடுங்க."