நான் சிபாரிசு செய்த உயரமான சீட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவளத்தில் ஒரு மீன் வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கேட்க ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. கொலஸ்ட்ரால் என்று மனைவியிடம் பொய் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் ஒரு பெரிய பைக்... சரியாகச் சொன்னால், அதன் சீட்.

ஞாயிறு காலைகளில் ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் பார்த்திருப்பீர்கள். பெரிய என்ஜின், நீட்டிய மூக்கு, இரு பக்கமும் அலுமினியப் பெட்டி - 'அட்வென்ச்சர்' பைக்குகள். இவற்றிடம் ரைடர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? டீக்கடையில் காது கொடுத்தால் போதும். ஆற்றைக் கடக்க வேண்டும் என்பார்கள். (மழை வெள்ளத்தில் முடிச்சூர்க்காரர்களுக்கு ஆறே வீட்டுக்கு வரும்.) பாறைமேல் ஏற வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோலில் நானூறு கிலோமீட்டர் போக வேண்டும். பிறகு மாமல்லபுரத்தில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

கிண்டல் செய்யவில்லை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் எழுபத்தொரு வயதில், ஐந்தடி மூன்று அங்குலத்தில், கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் வாங்க வருகிற ஆள் இதை வெளியே சொல்ல முடியுமா?

ஏழுமலையும் அந்த பைக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கமாக மீன் தருபவர். நாற்பத்தாறு வயது. இரண்டு ஃபைபர் படகு. உயரத்தில் எனக்கு ஜோடி.

"சார், நீங்க இன்ஜினீயரு. பத்திரிகைல வேற எய்தறீங்க. நல்ல பெரிய வண்டியா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் ஒரு நாள்.

அதில் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொற்பொழிவு ஆற்றினேன்.

ஷோரூமுக்கும் கூடவே போனேன். அங்கிருந்த பெண் ஏழுமலையைப் பார்த்ததுமே, "இதுக்கு லோ சீட் இருக்கு சார். ரெண்டு காலையும் ஊனிக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. முப்பது வருடம் இயந்திரங்களோடு பிழைத்தவன் நான். மூன்று மூட்டை அரிசி எடையுள்ள வண்டியை நிறுத்தும்போது காப்பாற்றுவது என்ஜின் அல்ல, தரையில் படுகிற பாதம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னேன்?

"லோ சீட்லாம் ரைடர்களுக்கு இல்லை. பைக்கோட கம்பீரமே போயிடும்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். படித்தவர் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டார்.

வண்டி வந்த மறுநாள் அம்மன் கோயில் வாசலில் பூஜை. மாலை, சந்தனம், இரண்டு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பின்சீட்டில் அவர் மனைவி அஞ்சலை - பட்டுப் புடவை, கையில் தேங்காய்த் தட்டு. முன் டயர் பழத்தை நசுக்கியது. பின் டயரும் நசுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பூசாரி கற்பூரம் காட்டுகிறாரே என்று ஏழுமலை வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். கால் தரையைத் தேடியது. நுனிவிரல் பட்ட இடத்தில் மணல்.

சின்ன வண்டி பொத்தென்று விழும். பெரிய வண்டி அப்படியில்லை. யானை படுப்பது போல நிதானமாக, எல்லோருக்கும் பார்க்க நேரம் கொடுத்து விழும். அஞ்சலை அதற்குள் குதித்துவிட்டார். தட்டு மட்டும் பறந்தது. படகு இழுக்கிற ஆட்கள் 'ஐலசா' போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"அடுத்த தபா ஏணியோட வாங்கு மச்சான்" என்றார் ஒருவர்.

"ஏணி இன்னாத்துக்கு? பள்ளம் தோண்டி வண்டிய எறக்கி வுடு" என்றார் இன்னொருவர்.

கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். நானும் சிரித்தேன். அது என் இரண்டாவது தப்பு.

அன்றோடு ஏழுமலை பழைய வலை ஒன்றைப் போட்டு வண்டியை மூடிவிட்டார். பூஜையன்றே விழுந்த வண்டி ஆகாது என்று மாமியார் வேறு சொல்லிவிட்டார். பொத்தேரியிலிருந்து ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வந்து வண்டியை வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஆறரை மணிக்கே போனேன்.

ஏழுமலை வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னா சார், ஆளையே காணோம்? வேற எடத்துல மீனு வாங்கறீங்களா?"

"இல்லை ஏழுமலை. நான் சொன்ன சீட் தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த வண்டி மேல ஆசை எனக்கு. எனக்குக் கால் எட்டாது. உங்களை ஏத்தி உட்கார வெச்சு என் ஆசையைத் தீர்த்துக்கப் பார்த்தேன்."

கத்தி நின்றது. "எனக்கு எட்டும்னு நெனச்சீங்களா சார்?"

"உங்களைப் பத்தி நான் நினைக்கவே இல்லை."

பக்கத்தில் இறால் கூறு கட்டிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தார். "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்? என் பட்டுப் பொடவைல வண்டி எண்ணெக் கறை இன்னும் போவல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஏழுமலை சிரித்துவிட்டார். "வுடுங்க சார். மணல்ல நிறுத்துனது நானு. கடக்கரைக்காரன், மணலு வழுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் கேட்டேன், இரண்டு மாதம் தாமதமாக. "உங்களுக்கு அந்த வண்டிகிட்ட என்ன வேணும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "காலு கீழ படணும். இவ பயப்படாம குந்திகினு வரணும். அப்பால... பேர்ல ஏழு மலை கீது, ஒரு மலையும் ஏறினதில்ல சார். பொறந்ததுலேந்து கண்ணு முழிச்சா எதுக்க தண்ணி. ஒரு நாளாவது கடலு தெரியாத எடத்துல கண்ணு முழிக்கணும்."

எத்தனை ஞாயிறுகள் அந்த டீக்கடையில் நின்றிருக்கிறேன். எத்தனை குதிரைசக்தி, எத்தனை சிசி. இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"லோ சீட் இன்னும் கிடைக்கும்" என்றேன் மெதுவாக.

ஏழுமலை மனைவியைப் பார்த்தார். "உங்கம்மா ஆவாதுன்னு சொல்லிச்சே?"

"வண்டி ஆவாதுன்னு சொல்லிச்சி. சீட்ட மாத்தக் கூடாதுன்னு சொல்லல" என்றார் அஞ்சலை, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "தம்பி, கெளம்பிட்டியா? வராத. வண்டி குடுக்கல. மலைக்குப் போவுது."

செவ்வாய்க்கிழமை லோ சீட் மாட்டினார்கள். குதிகால் முழுசாகப் படவில்லை. ஆனால் இரண்டு பாதமும் ஊன்றுகிறது, வண்டி அசையவில்லை. அஞ்சலையும் சும்மா ஒரு தடவை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். தினமும் மீன் பெட்டியோடு கோவிலம்பாக்கம் வரை ஸ்கூட்டர் ஓட்டுபவர் அவர். கணவரைவிட இரண்டு அங்குலம் உயரம். இறங்க மனமே வரவில்லை.

அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறார்கள். போகும்போது ஏழுமலை ஓட்டுவதாக முடிவாகிவிட்டது. திரும்பும்போது யார் என்பதில்தான் தகராறு. இரண்டு பேரும் தனித்தனியாக போன் செய்து என் கருத்தைக் கேட்டார்கள்.

எனக்குத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டேன்.