தூக்கிக் குடி

அடையாறில் ஒரு வயிற்று மருத்துவரின் காத்திருப்பு அறையில்தான் அவரைச் சந்தித்தேன். நெற்றியில் திருமண், மடிப்புக் கலையாத சட்டை. தன் பாட்டிலைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடித்தார். பக்கத்தில் அவருடைய சின்ன மகள். அவள் கழுத்து தானாக வெட்டி வெட்டி இழுத்தது.

"குழந்தைக்கு வயித்து வலியா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், இந்தக் கழுத்துக்குத்தான். ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட மலத்துலேர்ந்து நல்ல கிருமியை எடுத்து இவ குடல்ல விடப்போறா. குடல் சரியானா நரம்புக் கோளாறும் அடங்கலாமாம். ஆராய்ச்சிதான். கேக்குமான்னு டாக்டருக்கே நிச்சயமில்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரோடது?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"தெரியாது. சொல்லிடாதீங்கோன்னு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சொன்னா, என்ன ஜாதின்னு கேட்டுடுவேன் சார். அப்புறம் சம்மதம்னு கையெழுத்துப் போட என் கை வராது. தூங்கறச்சே மட்டுந்தான் இவ கழுத்து நிக்கறது."

மகள் பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள்.

"எச்சில் பண்ணாதடி, தூக்கிக் குடி!" என்று அதட்டினார்.

அவள் தூக்கினாள். கழுத்து வெட்டியது. தண்ணீர் முகமெல்லாம் கொட்டியது. அவர் பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

அந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.