ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது என்றார்

அறுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்த ஓர் ஐப்பசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பம்பாயில், தாராவியில், கோலி என்று அங்கே சொல்லும் ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு டிராம்பே பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில்தான் வருவார்.

எங்கள் பக்கம் ஓடும் ஆற்றை ஆறு என்று சொல்லவே வாய் கூசும். தோல் கழுவிய தண்ணீரும் ஊர்க் குப்பையும் அதில்தான். அந்த வருஷம் அதன் கரையில் ஒரு பகுதியை மேடாக்கி, கல் சுவர் எழுப்பி, அகலமாக நடைபாதை போட்டு, சிமென்ட் பெஞ்சுகள் வைத்தார்கள். சாயங்காலமானால் தெருவே அங்கே போய்க் காற்று வாங்கியது. எனக்கும் ஆசை. என் கணவரிடம் கேட்டதற்கு, "அந்த நாத்தத்துல என்னளா இருக்கு பாக்க? போவக் கூடாது" என்று எரிந்து விழுந்தார். அப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். எனக்கு வருத்தம். கூடவே வீம்பும் வந்துவிட்டது.

அடுத்த கோலியில் காயல்பட்டினத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்காரர் தோல் பெட்டி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். "மத்தியானம் போயிட்டு மூணு மணிக்குள்ள வந்திரலாம் தங்கச்சி. தம்பிக்குத் தெரியவா போவுது?" என்றார் அக்கா. கிளம்பிவிட்டோம்.

போய்ப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம். சுவர் வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கம்பிக் கூண்டுக்குள் புதுச் செடிகள். உச்சி வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நடக்க, அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா, திரும்பிருவோம்."

அவர் எதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினாரோ, அங்கேதான் என் கண் போனது. கடைசி பெஞ்சில், நான் துவைத்து மடித்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. மடியில் நான் கட்டிக் கொடுத்த டப்பா. என் கணவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நேரத்தில் இவருக்கு இங்கே என்ன? யாருக்காகக் காத்திருக்கிறார்? நல்லதாக ஒரு நினைப்புகூட வரவில்லை. "நா பஸ் ஸ்டாப்புல நிக்கேன், மெல்ல வா" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கிட்டே போனேன். நிமிர்ந்து பார்த்தவரின் கை அப்படியே நின்றது.

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

டப்பாவை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "பட்டறைய மூடி ஒரு மாசமாச்சு. வேல தேடி அலஞ்சிட்டு, மத்தியானம் இங்கன வந்து உக்காந்துக்கிடுவேன். வெயில்ல எவனும் வர மாட்டான்லா."

ஒரு மாசம்! தினமும் டப்பா கட்டியிருக்கிறேன். தினமும் "அலுப்பா இருக்கு" என்றவருக்கு வெந்நீர் வைத்திருக்கிறேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?" என்று கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணாம் வீட்டுக்காரருக்கு வேல போனப்ப நீ என்ன சொன்ன? கையாலாகாதவனுக்குக் கழுத்த நீட்டிட்டாளே, பாவம்னு சொன்னேல்லா?"

சொல்லியிருக்கிறேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டு சொன்னேன். சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை. கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பஸ் ஸ்டாப்பில் அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. "காத்து நல்லா இருந்துச்சுல்ல?" என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் வீட்டுக்காரரே வந்து, பெட்டிக்குப் பூட்டு பொருத்த கைதேர்ந்த ஆள் தேவைப்படுகிறது என்று என் கணவரைக் கூப்பிட்டார். அந்தப் பட்டறையில்தான் அவர் பல வருஷம் வேலை பார்த்தார். நாங்கள் வீடு மாறிப் போகும் வரை, அன்றைக்குக் கரையில் பார்த்ததைப் பற்றி அக்கா விளையாட்டுக்குக்கூட வாயைத் திறந்ததில்லை.

போகிற போக்கில் நான் சொன்ன ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு மனிதர் ஒரு மாதம் வெயிலில் ஒளிந்திருந்தார் என்று நினைத்தால், அடுத்தவர் கஷ்டத்தைப் பற்றிப் பேச இன்றைக்கும் எனக்கு நாக்கு எழுவதில்லை.